பனிக்கூண்டு படத்தில் வராத பாட்டு

ஜூன் 10, திங்கள்

இதனால் சகலமானவர்களுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: கோபி–ஈரோடு தடத்தில் வருடக்கணக்காக ஓயாது அலறிவந்த ‘செம்பருத்தி’ பஸ்ஸின் இடது பக்க ஸ்பீக்கர், இன்று காலை ஒரு வேகத்தடையில் குதித்த அதிர்ச்சியில் இயற்கை எய்தியது. அன்னாரின் கடைசி வார்த்தை ‘லாலலா’. அன்னாருக்கு வலது பக்க ஸ்பீக்கர் ஒருவரும், காது பாதி போன பயணிகள் பலரும் உள்ளனர். துக்கம் விசாரிக்க வருவோர் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறவும். சில்லறையாகக் கொண்டு வரவும்.

எனக்கு மட்டும் டிக்கெட் கிடையாது. டிரைவர் நாச்சிமுத்து என் அப்பா. அவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட் எனக்கு மானியமாகக் கிடைத்தது. அதில் உட்கார்ந்து கவுந்தப்பாடி வரை போய், பிளஸ் ஒன் படிப்பதாக எல்லோரையும் நம்ப வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பீக்கர் செத்ததில் நிஜமாகவே கண் கலங்கியவர் கண்டக்டர் ரங்கராசு அண்ணன். அவருடைய பென்டிரைவில் முந்நூறு பாட்டு. முந்நூறும் எண்பதுகளின் காதல் பாட்டு. எல்லாம் ஒரே மாதிரி. தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த கீபோர்டு, அதை வெளியே எடுக்காமல் பக்கத்தில் நின்று உருகும் ஒரு ஆள், தூரத்தில் ‘ஆ’ என்று பல் பிடுங்கிக்கொள்ளும் நாலு பெண்கள். இதைப் போட்டால் போதும், பஸ்ஸில் நாற்பது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வெளியே இருப்பது ஒரு அரிசி மில்.

ராசண்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. எந்தப் பாட்டானாலும் ரெண்டு வரி கேட்டால் படம், வருடம், இசை எல்லாம் சொல்லிவிடுவார்.

“இதுவரைக்கும் ராசு தோத்ததில்லடா மிதுனு,” என்றார் இன்றைக்கும்.

தோற்பீர்கள் அண்ணா. ஏற்பாடு செய்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

சாப்பாடு: நான் சுட்ட தோசை. இந்திய வரைபடம் போல வந்தது. இலங்கை தனியாக.

அம்மா மாமா வீட்டில் இருக்கிறாள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சரி, ஒரு பத்தி மட்டும். வைகாசியில் சென்னியப்பன் மாமா புது வீடு குடிபோனார். வீட்டு மாப்பிள்ளை முன்னால் நிற்க வேண்டிய விசேஷம். மாற்று டிரைவர் வரவில்லை என்று அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஈரோட்டுக்குப் போய்விட்டார். அம்மா தனியாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றாள். “மாப்பள எங்கம்மிணி?” என்று எத்தனை பேர் கேட்டார்களோ, அத்தனை மடங்கு கோபத்தோடு அங்கேயே தங்கிவிட்டாள். “அவிய வந்து கூப்புடட்டும்” என்பது அம்மாவின் தீர்மானம். “போனவளுக்கு வரத் தெரியாதா?” என்பது அப்பாவின் பதில் தீர்மானம். இரண்டும் ஏகமனதாக நிறைவேறின.

இதில் அழகு என்னவென்றால், மாமா வீடு எங்கள் பஸ் ரூட்டிலேயே இருக்கிறது. அப்பா ஒரு நாளைக்கு ஆறு தடவை அம்மாவைக் கடந்து போகிறார். ஸ்டாப்பின் பெயர் வேலம்பாளையம் பிரிவு. ஊர்க்காரர்கள் முன்கூட்டியே யோசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஜூன் 15, சனி

வரலாறு இந்த நாளைக் குறித்துக்கொள்ளட்டும். தமிழ்நாட்டின் மிகப் பழைய புதுப்பாட்டு இன்று பிறந்தது.

கூட்டாளி ஆரோன். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறான். அந்தக் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் பனிமூட்டம் போல ஒரு சத்தம் வரும். இன்னொன்றை அழுத்தினால் சொட்டுச் சொட்டாக மணி. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கல்யாணமாகி இருபது வருடமானவர்கள் பெருமூச்சு விடுவார்கள். செல்போனில் ஒரு ஆப், அதில் ‘டிஷ்யூம்’ என்று விழும் மேளம். மேலே கேசட் தேயும் இரைச்சல், அதுவும் இலவசமாகவே கிடைக்கிறது.

மெட்டு நான். என் விரலை வைத்த இடத்தில் அதுவாக வந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வரிகளுக்கான செய்முறை: தூறல் ஒரு கைப்பிடி, தூரம் தேவையான அளவு, ஜன்னல் ஒன்று.

*தூரம் என்றால் நீதானா, தூறல் என்றால் நீதானா,*
*யாரும் இல்லா ஊரில் நான் ஜன்னல் மட்டும் ஆனேனே.*

“ஜன்னல் மட்டும் ஆனேனே, அப்படின்னா என்னடா அர்த்தம்?” என்றான் ஆரோன்.

“அர்த்தம் இருந்தா அது எண்பதுகள் பாட்டே இல்ல.”

பாடியதும் நான்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, எக்கோவைக் கூட்டி, குரலைக் கொஞ்சம் கிழவனாக்கி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ‘பாட்டு 301’ என்று பெயரிட்டு, ராசண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் பென்டிரைவில் ஏற்றியாயிற்று.

ஜூன் 17, திங்கள்

வெற்றி. ஆனால் நான் நினைத்த வெற்றி இல்லை. அதைவிடப் பெரியது.

பாட்டு தொடங்கியதும் ராசண்ணன் கையிலிருந்த டிக்கெட் கட்டு நின்றது. இரண்டு வரி போயிற்று. மூன்றாவது வரியும் போயிற்று. முகத்தில் வியர்வை. எனக்குள் பட்டாசு.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: “எண்பத்தாறு. படம் வெளிய வரல. பேரு… ‘பனிக்கூண்டு’.”

அப்படி ஒரு படமே இல்லை. நான்கூட அந்த அளவுக்குப் பொய்யை யோசிக்கவில்லை! எச்சிலை விழுங்குகிற நேரத்தில் ஒரு முழுப் படத்தை எடுத்து, அதைப் பெட்டிக்குள்ளும் போட்டுப் பூட்டிவிட்டார் மனிதர்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் கோபியில் ஒரு வியாதி உண்டு. ஒரு காலத்தில் வாய்க்காலுக்கு வாய்க்கால் சினிமா ஷூட்டிங் நடந்த ஊர். அதனால் எந்தப் படத்தைச் சொன்னாலும் இங்கே நாலு பேர் அதன் ஷூட்டிங்கைப் பார்த்திருப்பார்கள்.

“கொடிவேரி அணையிலதான் எடுத்தாங்க,” என்றார் கூட்டுறவு சங்கத்தில் வேலை செய்யும் சம்பத். “அந்தப் புள்ள எங்க தோப்புலதான் எளநி குடிச்சுது. நான் வெட்டிக் குடுத்தேன்.”

“மஞ்சத் தாவணிதானுங்களே?” என்றார் சிந்தாமணி டீச்சர்.

“மஞ்சளேதான் டீச்சர்!”

“நாங்க காலேஜ் ஹாஸ்டல்ல இதத்தான் பாடிட்டே கெடப்போம். இந்த ம்யூசிக் வருதே, இந்த எடம்…” டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் இறங்க வேண்டிய ஸ்டாப் ஒரு கிலோமீட்டர் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

போன சனிக்கிழமை பிறந்த பாட்டை முப்பத்தெட்டு வருடமாகத் தெரியும் என்கிறார்கள். மூக்கை அடைத்துக்கொண்டு சிரித்ததில் எனக்கு விக்கலே வந்துவிட்டது. இந்த பஸ்ஸில் ஏமாறாத ஒரே ஆள் நான்தான்.

அப்போதுதான் முன்னாலிருந்து அப்பாவின் குரல். வண்டி ஓட்டும்போது பேசாத மனிதர். ஓட்டாதபோதும் அப்படித்தான்.

“ராசு. அத இன்னொருக்கா போடு.”

ஜூன் 18, செவ்வாய்

இரண்டு தடவை போட்டார்கள்.

ஜூன் 20, வியாழன்

நாலு தடவை. அப்பா நேரம் குறித்துக் கேட்கிறார். சரியாக வேலம்பாளையம் பிரிவுக்கு முந்தின வளைவில் “ராசு” என்கிறார், ராசண்ணன் போடுகிறார், வண்டி மாட்டு வண்டியாகிறது. பின்னால் வரும் லாரிக்காரர் நல்ல தமிழில் ஏதோ சொல்லிவிட்டு முந்திப் போகிறார். டீசல் சிக்கனம் என்று எடுத்துக்கொள்வோம்.

மாமா வீட்டு மொட்டைமாடியில் ஒருவர் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

வாராந்திரத் தூதுப் பயணம். மாமா வீட்டில் கறிக்குழம்பு. மூன்று தட்டு சாப்பிட்டேன். இது பசி. வேறொன்றுமில்லை.

அம்மா இளைத்திருக்கிறாள் என்று எழுத மாட்டேன். கழுத்துச் செயின் மட்டும் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் செய்தியைச் சொன்னாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி லேடீஸ் ஹாஸ்டலுக்கு வார்டன் வேண்டுமாம். தங்குமிடம் அங்கேயே. ஜூலை எட்டாம் தேதி திங்கட்கிழமை காலையில் சேர வேண்டுமாம்.

“எத்தன நாளைக்கு?”

“வேலைன்னா வேலைதாங் கண்ணு. இதென்ன லீவு எடுத்துட்டு ஊருக்குப் போறதா?”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“எதுக்குச் சொல்லோணும்? தெனமும் இந்த வழியாத்தான போறாரு. ஒரு நாளாவது வண்டிய நிறுத்தி ‘வா’ன்னு ஒரு வார்த்தை… விடு. உனக்கு அங்க வந்து சேர ஆசன்னா சொல்லு, திருப்பூர்லயே பள்ளிக்கூடம் பாக்கலாம்.”

“எனக்கென்ன, எங்கிருந்தாலும் ஃபெயில்தான்,” என்றேன். அம்மா சிரிக்கவில்லை. நல்ல ஜோக்கு அது. வீணாகப் போனது.

ஜூன் 24, திங்கள்

அப்பாவிடம் செய்தியைச் சொன்னேன். தட்டில் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவினார். தட்டில் பாதிச் சோறு இருந்தது.

“போவட்டும்,” என்றார்.

சொன்னவர் மெத்தை விரிப்பை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

ஜூன் 28, வெள்ளி

கெமிஸ்ட்ரி டெஸ்ட். என் விடைத்தாளைப் பார்த்த சார், “இதுல ஒரு விதமான ரசாயனம் இருக்குது, ஆனா பாடத்துல இல்ல” என்றார். வகுப்பு சிரித்தது. ஜோக்கை அடுத்தவர் அடித்தால் எவ்வளவு மட்டமாக இருக்கிறது!

ஜூன் 30, ஞாயிறு

உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டிய நாள்.

மாமா வீட்டுக் கூடத்தில் அம்மாவின் பெட்டி திறந்து கிடந்தது. பாதி நிரம்பியிருந்தது. அம்மா புடவை மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

“வண்டியில இப்ப ஒரு பாட்டுப் போடறாங்களே, அது என்னது?”

நான் உஷாராகிவிட்டேன். “பழைய பாட்டும்மா. எண்பத்தாறு. பனிக்கூண்டு. படம் வெளிய வரல. கொடிவேரியில ஷூட்டிங். மஞ்சத் தாவணி.” ஒப்பிப்பதில் நான் கெட்டிக்காரன்.

“பாட்டு வர்றதுக்கு முன்னால ஒரு ம்யூசிக் வருதே, அத மட்டும் பாடு.”

‘டூ டூ டுடூ… டூஊஊ’ என்று முனகிக் காட்டினேன்.

அம்மா மடித்த புடவையை மடியில் இறக்கி வைத்தாள். “கிறுக்கா,” என்றாள். “அது பாட்டு இல்லடா. அது உங்கப்பனோட ஹாரன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது மடல் சூடாகிவிட்டது.

செம்பருத்தியில் முன்பு ஏர்ஹாரன் இருந்தது. வரிசையாகக் குழல் வைத்து ராகமாக ஊதுகிற ரகம். நான் ஆறாவது படித்தபோது ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வந்து எல்லா வண்டியிலும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பு, மத்தியான டிரிப்பில் எங்கள் தெரு முக்குக்கு வண்டி வரும்போது அப்பா அதே ராகத்தை ஊதுவார். அது கேட்டதும் அம்மா டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஓடுவாள். வண்டி நிற்காது, மெதுவாகப் போகும். கேரியர் ஜன்னல் வழியாகக் கை மாறும். ஊரே அந்த ஹாரனை வைத்து உலை இறக்கும். இந்த ரூட்டில் வருடக்கணக்கில் போய்வந்த ஒருவர் காதும் அதற்குத் தப்பியிருக்காது. சம்பத், சிந்தாமணி டீச்சர், ராசண்ணன் எல்லோரும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஹாரனாகக் கேட்டதைப் பாட்டாக நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆக, என் விரலை வைத்த இடத்தில் அதுவாக வந்த மெட்டு, அதுவாக வரவில்லை. இசையமைப்பாளர்: நாச்சிமுத்து, கனரக வாகன ஓட்டுநர்.

அம்மா இன்னும் முடிக்கவில்லை. “வாயில வரலையாமா உங்கப்பனுக்கு, பாட்டுல கூப்புடறாரு. எங்க தேடிப் புடிச்சாரோ.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டியிலிருந்து ஒரு புடவையை வெளியே எடுத்து, கட்டிலில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உள்ளே வைத்தாள்.

“நெசமா வண்டிய நிறுத்துவாரான்னு பாக்கறேன்,” என்றாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் புடவை இனி வெளியே வராது. ஆகவே என் வாழ்க்கையில் முதல் முறையாக, என் பிராங்க்கைப் பற்றி நானே வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

அப்பாவிடம் நூல் விட்டுப் பார்த்தேன்.

“அந்தப் பனிக்கூண்டு பாட்டு உங்களுக்கு முன்னாலயே தெரியுமாப்பா?”

“தெரியாமயா?” என்றார். அப்புறம் இந்த வருடத்திலேயே நீளமான உரையை நிகழ்த்தினார். “அப்ப எனக்குக் கல்யாணமான புதுசு. ஈரோட்டுல ஹாரன் மாட்டறவன் ‘என்ன ராகம் வெக்கட்டும்’னான். எனக்கு என்ன தெரியும்? மனசுக்குள்ள ஒரு பாட்டு ஓடிட்டே கெடந்துது. அத முனகிக் காட்டுனேன். அதயே வெச்சுக் குடுத்தான். எந்தப் பாட்டுன்னு இத்தன வருசமாத் தெரியாம இருந்தேன். இப்பத்தான் தெரிஞ்சுது.”

என் பாட்டு ஹாரனிலிருந்து வந்தது. ஹாரன் என் பாட்டிலிருந்து வந்ததாம். கோழி முதலா முட்டை முதலா என்று கேட்டால் இனி நான்தான் இரண்டும் என்று சொல்லலாம்.

“வண்டிய ஒரு நாளைக்கு நிறுத்தித்தான் பாருங்களேன், பிரிவுல,” என்றேன்.

“ஆள் கை காட்டுனா நிறுத்தறேன். கை காட்டாத ஸ்டாப்புல எப்படி நிறுத்தறது?”

பேருந்து விதிமுறைகளில் அப்பாவுக்கு இருக்கும் பற்று புல்லரிக்க வைக்கிறது.

ஜூலை 3, புதன்

விபரீதம். ராசண்ணன் காலையிலிருந்து பாட்டே போடவில்லை. வலது ஸ்பீக்கரும் போய்விட்டதா என்று சம்பத் கேட்டதற்கு முறைத்தார்.

சாயங்காலம் கோபி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பிடித்தேன்.

“ஈரோட்டுல பழைய பாட்டு சேகரிக்கறவங்க சங்கம் ஒண்ணு இருக்குதுல்ல,” என்றார். “அந்த குரூப்புல பெருமையாப் போட்டேன்டா. ‘யாருகிட்டயும் இல்லாத பாட்டு, ராசுகிட்ட இருக்குது’ன்னு. அத்தன பேரும் சிரிச்சுட்டானுங்க. மேளச் சத்தம் இப்பத்த செல்போன்ல வர்றதாமா. ‘யாரோ பொடிப்பய உன்னைய ஏமாத்திப்போட்டான் ராசு’ங்கறாங்க.”

டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் டீ இல்லை.

“நான் பாட்டத் தவிர என்னத்தடா கண்டேன்? பத்தாவதுகூட முடிக்கல. பஸ்ல நாலு பேரு ‘ராசுவக் கேளு’ம்பாங்க, அதுதான் நமக்கு. நாளைக்குக் காலையில வண்டியில எல்லாத்துகிட்டயும் சொல்லீர்றேன். படம் கெடையாது, பாட்டு டூப்பு, நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு. மானம் போனாப் போவுது.”

மாமா தினமும் காலையில் அதே பஸ்ஸில்தான் பால் சொசைட்டிக்குப் போகிறார். பத்து நிமிடத்தில் செய்தி அம்மாவின் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

“அண்ணா,” என்றேன். “அந்தப் பொடிப்பய நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஆரோன், ஆப், ஹாரன், புடவை, எட்டாம் தேதி. சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆனது. டீக்கடைப் புகை.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலி கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“உங்கம்மா, கலாக்கா, நெசமாலுமே பொடவைய வெளிய எடுத்துச்சா?”

“எடுத்துச்சுண்ணா. அப்பறம் உள்ள வெச்சுது.”

“ம்.” எழுந்து டீக்குக் காசு கொடுத்தார். “நீ பாட்டுத்தான பண்ணே. படம் புடிச்சது நானு. அப்ப ரெண்டு பேரும் கூட்டுத்தான்.”

ஜூலை 4, வியாழன்

பாட்டு மறுபடி ஒலிக்கிறது. பிரிவு வளைவில் ராசண்ணனே அப்பா சொல்வதற்கு முன் போட்டார்.

சங்கத்தில் ‘பாட்டு அசல்தான், எனக்குத் தெரியும்’ என்று எழுதினாராம். அவரை குரூப்பை விட்டு நீக்கிவிட்டார்கள். என்னிடம் போனைக் காட்டினார். முந்நூறு பாட்டுக்காரரின் சேகரிப்பாளர் வாழ்க்கை ஒரு சாம்பல் நிற வரியோடு முடிந்திருந்தது.

“அவனுங்களும் ஒண்ணும் கொடிவேரிக்கு வந்து பாக்கலியே,” என்றார்.

இதற்கு என்ன ஜோக் அடிப்பது என்று யோசித்தேன். கிடைக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மாமா வீடு. பெட்டி பூட்டியிருந்தது.

அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். பதினாறு வயதுக்காரனுக்கு இது அவமானம். அரை மணி நேரம் அவமானப்பட்டேன்.

“நாளைக்குக் காலையில எந்தப் பஸ்ஸுல போற?” என்றேன்.

“எது மொதல்ல வருதோ அதுல.”

ஜூலை 8, திங்கள்

பிரிவு ஸ்டாப்பில் சாலைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிழற்குடை. தென்பக்கம் நின்றால் கோபிக்கு, எங்கள் வீட்டுக்கு. வடபக்கம் நின்றால் கவுந்தப்பாடி, ஈரோடு, அங்கிருந்து திருப்பூர்.

வளைவு திரும்பியதும் பார்த்தேன். அம்மா வடபக்கம் நின்றிருந்தாள். பக்கத்தில் பெட்டி.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ‘யாரும் இல்லா ஊரில் நான்’ என்று ஸ்பீக்கரில் நான் மூக்கடைத்துப் பாடிக்கொண்டிருந்தேன். அம்மா கை காட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நேராக டிரைவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி மெதுவாக அவளைக் கடந்தது. முழுதாகக் கடந்துவிட்டது. எதிர்ப்பக்க ஜன்னல் வழியாகப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

“அப்பா,” என்றேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

பிரேக். நின்றிருந்தவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். “பாட்ட நிறுத்து ராசு,” என்றார் அப்பா. பிறகு ஸ்டியரிங்கில் கையை வைத்து, இப்போது இருக்கும் சாதா ஹாரனால் அதே ராகத்தை அடிக்க முயன்றார். அதில் ஒரு சுரம்தான் உண்டு. பீ பீ பிபீ… பீஈஈ. கேட்கச் சகிக்கவில்லை.

“முன்னால ஒரு வண்டியும் இல்லீங்களே, யாருக்குங்க ஹாரன்?” என்றார் சம்பத்.

அப்பா எஞ்சினை ஓடவிட்டபடியே கதவைத் திறந்து இறங்கினார். ரூட்டில் பாதி வழியில் டிரைவர் சீட்டை விட்டு அவர் இறங்கி நான் பார்த்ததே இல்லை. பின்னால் நடந்து போனார். நானும் ராசண்ணனும் பின் படிக்கட்டில் தொங்கினோம். பஸ்ஸே இடது பக்கம் சாய்ந்தது.

அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“வண்டி ஈரோடுதான் போவுது,” என்றார்.

ஒரு மனிதர் இத்தனை நாள் யோசித்து, இறங்கி நடந்து போய்ச் சொன்ன காதல் வசனம் இது.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “போயிட்டுத் திரும்பி வருமல்ல?”

“வரும்.”

“கோபி போவுமா?”

“போவும்.”

“அதச் சொல்றதுக்கு இத்தன நாளாச்சா?” என்று பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள். சிந்தாமணி டீச்சராக இருக்கும்.

நான் கவுந்தப்பாடியில் இறங்கவில்லை. பள்ளிக்கூடம் எங்கும் ஓடிவிடாது. அதுதான் அதனுடைய பிரச்சினையே. அம்மா என் பக்கத்தில், ஜன்னல் சீட்டில். ஈரோடு போய்த் திரும்பினோம். ராசண்ணன் அம்மாவுக்கு டிக்கெட் கிழிக்க மறுத்தார். அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் டிரிப்பில் பாட்டு மறுபடி வந்தது. அம்மா என் காதருகே குனிந்தாள்.

“சளி புடிச்சிருக்கறப்பவா பாடுனே?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அரிசி மில்.

“மொத நாளே தெரியும்டா. மாடியில துணி போட்டுட்டு இருந்தேன். உன்ற கொரலு எனக்குத் தெரியாதா? ‘ஜன்னல் மட்டும் ஆனேனே’ன்னு நீ பாடுனதக் கேட்டுட்டு அன்னிக்குப் பூரா ஒரு வாய் எறங்கல எனக்கு.”

“அப்பறம் எதுக்கு அப்பா தேடிப் புடிச்சாருன்னு சொன்னே?”

“நீ என்ன சொல்றேன்னு பாத்தேன். திருடன் மாதிரி முழிச்சே. அவியகிட்ட சொல்லாத. இருக்கட்டும்.”

முன்னால் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

இந்த நாட்குறிப்பில் நான் எழுதிய சில தகவல்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பாட்டுப் போட்டேன் என்று எழுதியிருந்தேன். மூன்று சாயங்காலம் ஆனது. ராசண்ணனை ஏமாற்றுவதற்குத்தான் என்று எழுதியிருந்தேன். அதுவும் ஒரு காரணம்தான்.

பஸ்ஸில் ஏமாறாத ஒரே ஆள் நான் என்றும் ஓர் இடத்தில் இருக்கிறது. இதைத்தான் எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை.

இன்று காலை பாட்டு வந்தபோது எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. எனக்கு நாலு வயதிருக்கும். அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறேன், இதே பஸ்ஸில். வெளியே தூறல். ராசண்ணன் இதே பாட்டைப் போட்டிருக்கிறார், இதே வரிகள். அம்மா கூடவே பாடுகிறாள். அவ்வளவு தெளிவாக இருக்கிறது. போன மாதம் ஆரோனோடு உட்கார்ந்து நானே எழுதிய வரிகள் இவை என்று எத்தனை தடவை எனக்கு நானே சொன்னாலும் போகமாட்டேன் என்கிறது.

அம்மா கட்டியிருந்தது மஞ்சள் புடவை.